மொறிஸ் மைனருக்குள் ரொயோட்டா 4கே: உடம்பை வெட்டாமல் எஞ்சினும் கியர்பொக்ஸும் மாற்றுவது

யாழ்ப்பாணத்தில் ஓடுகிற மொறிஸ் மைனர்களில் ஜப்பான் எஞ்சின் ஏறியவை கனக்க உண்டு. சிலவற்றின் பொனற்றைத் திறந்தால் நெஞ்சு நோகும். ஃபயர்வோலை (எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) சுத்தியலால் அடித்து உள்ளே தள்ளியிருப்பார்கள். முன் சில்லுகளுக்கு ஸ்பிறிங்காக நிற்கிற முறுக்குக் கம்பி, ரோர்ஷன் பார், வந்து முடிகிற குறுக்குச் சட்டத்தைக் காஸ் வைத்து வெட்டியிருப்பார்கள். இரண்டுக்கும் தேவையில்லை. ரொயோட்டா 4கே எஞ்சினையும் கே50 ஐந்து கியர் பெட்டியையும், பிறகு கழற்றி அசலைப் பூட்டக்கூடிய விதத்தில், வீட்டு முற்றத்திலேயே ஏற்றலாம். கஷ்டம் எஞ்சினைத் தூக்கி வைப்பதில் இல்லை. அளவெடுப்பதிலும், கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகிற புறொப் ஷாஃப்ற்றிலும், கிளச்சிலும், வயரிங்கிலும்தான் இருக்கிறது. அதனால் எழுதியதும் அவற்றைப் பற்றியே கூட.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். மைனர் 1000இல் 1956இலிருந்து 948 சிசி எஞ்சினும், 1962இலிருந்து 48 குதிரைவலு தரும் 1098 சிசி எஞ்சினும் வந்தன. இரண்டுக்கும் கிராங் மூன்று பெயரிங்கில் ஓடுகிறது. 90களில் பெற்றோல் இல்லாமல் இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு அடியிலுள்ள ஒயில் தொட்டிக்குள், சம்புக்குள், இறங்கும். ஒயில் தண்ணியாகும், பெயரிங் தேயும். அப்படி ஓடிய எஞ்சினைக் கழற்றினால் சிலிண்டரின் மேற்பகுதியில் நகம் தட்டுப்படுகிற அளவுக்குப் படி விழுந்திருக்கும். ஆனாலும் புளொக் வெடிக்காமல், கிராங்கை இன்னொரு தடவை அரைக்க இடமிருந்தால், அதன் சிலிண்டரையே கடைந்து (போர் செய்து) கட்டுவதுதான் என் முதல் தெரிவு. நல்லூருக்கும் சுன்னாகத்துக்கும் போய்வர 1098 தாராளம். ஏ9இல் கொழும்புக்கு மணிக்கு 80இல் போய்வர வேண்டும், அல்லது புளொக் இனி உதவாது என்றால் 4கே.

ஏன் 4கே? சிலிண்டர் விட்டம் (போர்) 75 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் (ஸ்ரோக்) 73 மி.மீ., 1290 சிசி. கிராங்குக்கு ஐந்து பெயரிங். வார்ப்பிரும்பு புளொக், அலுமினிய ஹெட். புஷ்றொட் எஞ்சின், ரைமிங் செயின். இதே எஞ்சினோடு கரோலா டிஎக்ஸ் வந்த நாட்டில் சாமானுக்குப் பஞ்சமில்லை. இதைவிடப் பெரிது வேண்டுமென்றால் 5கே, 1486 சிசி. மைனரின் டிஃப்பும் (பின் அச்சின் நடுவிலுள்ள பற்சில்லுப் பெட்டி) ஹாஃப் ஷாஃப்ற்றும் (அதிலிருந்து சில்லுக்குப் போகிற தண்டு) தாங்குவதற்கு அதுதான் எல்லை என்று நான் எடுப்பேன். டீசல் எஞ்சின் வேண்டவே வேண்டாம். முன்பாரம் கூடி ரோர்ஷன் பார் இருந்துவிடும், ஸ்ரியறிங் கல்லாகும், அதிர்வில் சசி ஒட்டுகள் விடும்.

ரொயோட்டா வான்களில் வந்த 5கே மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்த வானில் எஞ்சின் சாய்த்துப் பூட்டப்பட்டது, சம்பின் வடிவம் வேறு. கார்ச் சம்பை மாற்றிப் பூட்டினால் ஒயில் உறிஞ்சும் குழாயையும் சேர்த்து மாற்றவேண்டும். மாற்றிய பிறகு குழாய் வாய்க்கும் சம்பின் அடிக்கும் இடையில் 6 முதல் 8 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் ஒயில் ஏறாது. கூட உயரத்தில் இருந்தால் பிறேக் பிடிக்கும்போது காற்றை இழுக்கும். இரண்டு வகையிலும் முதல் நாளே பெயரிங் போகும்.

எஞ்சினை வாங்கும்போது கொம்பிறஷன் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். நான்கு பிளக்கையும் கழற்றி, திறொட்டிலை முழுதாகத் திறந்து சுழற்றுங்கள். 150 பி.எஸ்.ஐ. அளவில் இருந்தால் நல்லது, 125க்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 15க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. குறைவான சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டதும் அளவு ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு. புளொக்கின் பக்கத்திலுள்ள வெல்ஷ் பிளக்குகளை (தண்ணீர்ப் பாதையை அடைக்கிற தகட்டு மூடிகள்) குத்தூசியால் அமத்திப் பாருங்கள். உள்ளே போனால் தண்ணீர்ப் பாதை முழுக்கத் துருதான்.

எஞ்சினோடு சேர்த்து வாங்கவேண்டியதைக் கடைக்காரர் தானாகத் தரமாட்டார். ஃபிளைவீல், கிளச் தட்டும் பிறஷர் பிளேற்றும், விடுவிப்பு ஃபோர்க், ஸ்ராட்டர், ஓல்ரனேற்றர், எஞ்சின் பக்கத்து மவுண்ட் இரும்பு இரண்டு, கியர்பொக்ஸின் பின் றப்பர், புறொப் ஷாஃப்ற்றின் முன் யோக் (பெட்டியின் வாலுக்குள் நுழைகிற பல்லுள்ள முனை), ஸ்பீடோ கேபிள். முன் யோக்கை மறந்தவர்கள் பிறகு கொழும்பிலுள்ள பழைய வாகனச் சாமான் சந்தையான பஞ்சிகாவத்தைக்குப் பஸ் ஏறவேண்டி வரும். றிசீற்றில் எஞ்சின் இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள், சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் கேளுங்கள். ஏன் என்பது கடைசியில் வரும்.

இனிக் கார். ஜக்கில் தூக்கி, சசிக் கால்கள் (எஞ்சினின் இரு பக்கமும் ஓடுகிற சட்டங்கள்) இரண்டையும், பின் ஸ்பிறிங் தொங்கும் இடங்களையும், நடுக் குறுக்குச் சட்டத்தின் முனைகளையும் பழைய ஸ்குறூட்றைவரால் குத்திப் பாருங்கள். கரையோரக் காற்றில் நின்ற காருக்குத் தகடு வெளியே வடிவாக இருந்தாலும் உள்ளே உக்கியிருக்கும். குத்தினால் ஓட்டை விழுகிற சசியில் எஞ்சின் மவுண்ட் ஒட்டுவது வீண் மினக்கெடு. முதலில் அதைத் திருத்துங்கள்.

கியர்க் கணக்கையும் இப்போதே போட்டுவிடலாம். டிஃப் விகிதம் 948க்கு 4.55, 1098க்கு 4.22. 145 ஆர் 14 ரயர் ஒரு சுற்றில் கிட்டத்தட்ட 1.8 மீற்றர் உருளும். மணிக்கு 80 கி.மீ. என்றால் சில்லு நிமிடத்துக்கு 741 சுற்று. நாலாம் கியர் நேர் என்பதால் 4.22 டிஃப்பில் எஞ்சின் 3,130 அளவில் சுற்றும். கே50இன் ஐந்தாம் கியர் 0.86 அளவில். அதில் 2,700 ஆகிவிடும். 4.55 டிஃப் என்றால் 3,370உம் 2,900உம். இங்கே மேடு பள்ளம் இல்லை, ஆனையிறவில் எதிர்க்காற்று மட்டும்தான். அதனால் 4.22 நல்ல பொருத்தம். 4.55 இருந்தால் அவசரப்பட்டு மாற்றவேண்டியதில்லை, ஐந்தாம் கியரே அந்த வேலையைச் செய்யும்.

பழைய எஞ்சினைக் கழற்றமுன் நான்கு அளவை ஒரு மட்டையில் எழுதுங்கள். கிராங்கின் முன் பெல்ற் சில்லினுடைய நடு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம், வலது இடது சசிக் கால்களிலிருந்து எவ்வளவு, ஃபயர்வோலிலிருந்து பெல் ஹவுசிங்கின் (கிளச்சை மூடுகிற கூடு) முகம் எவ்வளவு, கியர்பொக்ஸின் வால் எத்தனை பாகை கீழ்நோக்கி. பாகைக்குத் தொலைபேசியிலுள்ள மட்டம் போதும். கார் நாலு சில்லிலும் சம நிலத்தில், ரயர்க் காற்று சரியாக இருக்க அளவெடுங்கள். ஜக்கில் நிற்கும்போது எடுத்த அளவு பிறகு பொய் சொல்லும்.

தூக்குவதற்கு மாமரக் கொப்பை நம்ப வேண்டாம். எஞ்சினும் பெட்டியும் சேர்ந்து 150 கிலோ வரை வரும் என்று கணக்கு வையுங்கள். பச்சைக் கொப்பு வளைந்து சுமை ஆடும்போதுதான் விரல் நசியும். இரண்டங்குல ஜி.ஐ. குழாய் மூன்று, பத்தடி நீளம், முக்காலியாகக் கட்டி, கால்கள் விலகாமல் கீழே சங்கிலி சுற்றி, ஒரு தொன் செயின் புளொக் மாட்டுங்கள். மணல் நிலமென்றால் ஒவ்வொரு காலுக்கும் கீழே பனங்குற்றித் துண்டு வையுங்கள். மைனரில் கியர்பொக்ஸுக்கு மேலுள்ள தகட்டு மூடி போல்ட்டில் கழரும், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் போல்ட்டில் கழரும். இந்த இரண்டும்தான் வெட்டாமல் வேலை செய்ய நமக்கு இடம் தருகின்றன.

ஒரு ஸ்பானர் விஷயம். மைனரின் போல்ட்டுகள் பெரும்பாலும் யூ.என்.எஃப். என்ற அங்குலப் புரி, ரொயோட்டாவினுடையது மெற்றிக். 5/16 அங்குல போல்ட் 7.94 மி.மீ., எம்8 போல்ட் 8 மி.மீ. கண்ணுக்கு ஒன்றேதான். நட்டை ஏற்றினால் இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும், இன்னும் இறுக்கினால் புரி சீவிவிடும். இரண்டு பெட்டி வைத்து, கழற்றியதும் பிரித்துப் போடுங்கள். புறொப் ஷாஃப்ற்றின் பின் முகத்துக்கு அசல் யூ.என்.எஃப். போல்ட்டும் அதற்கான பூட்டு நட்டுமே பாவியுங்கள்.

பொருத்திப் பார்க்கும்போது முழு எஞ்சினை ஏற்றி இறக்கி முதுகை முறிக்க வேண்டாம். கழிவான 4கே புளொக் ஒன்று, கிராங்கும் பிஸ்டனும் இல்லாதது, இரவல் எடுங்கள். கியர் இல்லாத வெறும் பெட்டிக் கூடு கிடைத்தால் அதையும் பூட்டுங்கள். இரண்டு பேர் கையால் தூக்கலாம். ஹெட், சம்ப், மனிபோல்ட், கார்பரேற்றர், தண்ணீர் பம்ப், ஃபான் எல்லாம் அதில் பூட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் முட்டுவது அவைதான்.

மைனரில் ஸ்ரியறிங் றாக் (சில்லுகளைத் திருப்புகிற பற்சட்டம்) எஞ்சினுக்குப் பின்னால், ஃபயர்வோலோடு சேர்ந்து கிடக்கிறது. புளொக்கின் பின்பக்கத்துக்கும் பெல் ஹவுசிங்கின் மேற்பக்கத்துக்கும் றாக்குக்கும் இடையில் 15 மி.மீ. ஆவது விடுங்கள். றப்பர் மவுண்டில் இருக்கிற எஞ்சின் கியர் விழும்போது உருளும், நிற்கும்போது தெரியாது. முன்னுக்கு ஃபானுக்கும் றேடியேற்றருக்கும் 25 மி.மீ. இரண்டையும் சேர்த்துக் கிடைக்காவிட்டால் பின் இடைவெளியைக் காப்பாற்றி, ஃபானைக் கழற்றிவிட்டு மின் ஃபான் போடுங்கள். றாக்கை நகர்த்துவது என்ற பேச்சே வேண்டாம். ரை றொட்டின் உயரம் மாறினால் குழியில் விழும்போதெல்லாம் கார் தானாகத் திரும்பும்.

உயரத்துக்கு ஒரு கோதுமை மா உருண்டை போதும். இறுக்கமாகக் குழைத்து, எயார் கிளீனரின் மேல் மூன்று இடத்தில் கோழி முட்டை அளவில் வைத்து, பொனற்றை மெதுவாக மூடித் திறவுங்கள். நசிந்த மாவின் கனம்தான் உங்கள் இடைவெளி. 20 மி.மீ.க்குக் குறைந்தால் எஞ்சின் ஆடும்போது பொனற்றில் தட்டும். அதே மாவைச் சம்புக்கும் அதன் கீழ் வருகிற சட்டத்துக்கும் இடையிலும், ஸ்ராட்டருக்கும் சசிக் காலுக்கும் இடையிலும் வைத்துப் பாருங்கள்.

எல்லாம் சரியான இடத்தில் மரக்கட்டையிலும் ஜக்கிலும் நிற்கும்போது கிராங்கின் நடு, கியர்பொக்ஸ் வால், டிஃப் மூன்றையும் மேலிருந்து தூக்குக்குண்டு விட்டு ஒப்பிடுங்கள். பிறகுதான் மவுண்ட். முதலில் மட்டையில் வெட்டி, பிறகு இரண்டு நூல் (6 மி.மீ.) தகட்டில் செய்து, காருக்குள் புள்ளி ஒட்டு மட்டும் போட்டு, வெளியே எடுத்து முழு ஒட்டுப் போடுங்கள். உள்ளேயே முழு ஒட்டுப் போட்டால் சூட்டில் தகடு இழுபட்டு ஓட்டைகள் விலகும். மூலைக்கு முக்கோணத் தகடு ஒன்று கட்டாயம். சசிக் கால் உள்ளே வெறுமையான பெட்டி. போல்ட்டை நேரே இறுக்கினால் சுவர் உள்ளே அமுங்கி, ஒரு மாதத்தில் தளரும். போல்ட் போகிற ஓட்டைக்குள் குழாய்த் துண்டு ஒன்றை இரண்டு சுவருக்கும் இடையில் நிற்கிற நீளத்துக்கு வெட்டி வைத்துப் பிறகு இறுக்குங்கள். எம்10, 8.8 தர போல்ட், 45 நியூட்டன் மீற்றர். காரில் ஒட்டு வேலை நடக்கும்போது பற்றறியும் ஓல்ரனேற்றரும் கழன்றிருக்க வேண்டும்.

பின்பக்கத்துக்கு அசல் குறுக்குச் சட்டத்தின் மேலேயே தகடு ஒன்றை போல்ட்டில் பூட்டி, ரொயோட்டா றப்பரை அதில் இருத்துங்கள். அதற்கும் பின்னால் சீற்றுக்குக் கீழே போகிற பெரிய சட்டத்தில்தான் ரோர்ஷன் பாரின் பின்முனைகள் பூட்டியிருக்கின்றன. முன் சில்லுகளின் பாரம் முழுவதும் அந்தச் சட்டத்தில் முறுக்காக நிற்கிறது. பெட்டியின் வால் அங்கே முட்டினால் எஞ்சினை முன்னுக்கு 10 மி.மீ. கொண்டுவரப் பாருங்கள், வாலைச் சற்று உயர்த்தப் பாருங்கள். சட்டத்தை வெட்டியவர்களின் காரில் கதவு இடைவெளி ஒரு வருடத்தில் மேலே ஒடுங்கிக் கீழே விரியும். கியர்த் தடி வருகிற ஓட்டையைத் தகட்டு மூடியில் வெட்டவேண்டி வந்தால், இன்னொரு மூடி செய்து அதில் வெட்டுங்கள். அசல் மூடி அலுமாரிக்கு மேலே இருக்கட்டும்.

புறொப் ஷாஃப்ற்றுக்கு முன்பக்கம் ரொயோட்டா யோக், பின்பக்கம் மைனரின் முகம். இரண்டையும் ஒரு குழாயில் சேர்க்கிற வேலையைக் கடைச்சல் பட்டறைக்குக் கொடுங்கள், வீட்டு வெல்டரில் செய்ய வேண்டாம். அளவு நீங்கள்தான் கொடுக்கவேண்டும். கார் சில்லில் நிற்க, முன் சீற்றில் இரண்டு பேர் இருக்க, யோக்கை முட்டும்வரை உள்ளே தள்ளி, பிறகு 20 மி.மீ. வெளியே இழுத்து, யோக்கின் குறுக்கு நடுவிலிருந்து டிஃப் முகம்வரை அளவுங்கள். இழுக்காமல் அளந்தால் பின் ஸ்பிறிங் அமுங்கும்போது ஷாஃப்ற் கியர்பொக்ஸின் பின் பெயரிங்கைக் குத்தும். கூட இழுத்தால் பற்கள் கொஞ்சம்தான் பிடித்திருக்கும், தேய்ந்து ஆடத் தொடங்கும். இரண்டு முனையின் கவைகளும் ஒரே நேரில் நிற்கவேண்டும். ஒரு பல் தவறினாலும் எந்த வேகத்திலும் அதிர்வு போகாது, எவ்வளவு சமநிலை பார்த்தாலும் போகாது. கடைச்சலில் சுற்றும்போது குழாயின் ஆட்டம் அரை மி.மீ.க்குக் கீழே இருக்க வேண்டும்.

கோணத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் எஞ்சின் மாற்றிய காருக்கு வருகிற 60 கி.மீ. உறுமல் கூடுதலாக இதனால்தான். கியர்பொக்ஸின் வால் 3 பாகை கீழே பார்த்தால் டிஃப்பின் மூக்கு 3 பாகை மேலே பார்க்கவேண்டும். இரண்டு அச்சும் சமாந்தரம். ஒரு பாகை வித்தியாசம் பறவாயில்லை. ஒவ்வொரு ஜொயின்ரிலும் 1 முதல் 3 பாகை இருக்கட்டும். சுழியம் என்றால் ஊசி பெயரிங் ஒரே இடத்தில் நின்று குழி விழும். டிஃப்பைத் திருத்த, இலை ஸ்பிறிங்குக்கும் அச்சுக்கும் இடையில் ஆப்பு வடிவத் தகடு வைக்கலாம்.

கிளச்சில் மைனருடையது கம்பியும் நெம்பும். கார் நிலத்துக்குக் கீழே பெடலிலிருந்து கியர்பொக்ஸுக்குப் போகிறது. புதிய பெட்டிக்கு ஹைட்றோலிக் வைப்பது நல்லது, எஞ்சின் ஆட்டம் பெடலுக்கு வராது. பெடலின் அடிக் கை தள்ளுகிற நேரில், சசிக் காலோடு பூட்டிய தாங்கியில் 5/8 அங்குல மாஸ்ரர் சிலிண்டரை வைத்து, பெட்டியில், ஃபோர்க்கைத் தள்ள, 3/4 அங்குல சிலேவ் சிலிண்டர். மாஸ்ரர் 25 மி.மீ. ஓடினால் சிலேவ் 17 மி.மீ. தள்ளும். ஃபோர்க் எவ்வளவு நகர்ந்தால் தட்டு விடுபடுகிறது என்பதை முதலில் கையால் நெம்பி அளந்துகொள்ளுங்கள். குறைந்தால் பின்னோக்கிய கியர் கரகரக்கும். கூடினால் பிறஷர் பிளேற்றின் விரல்கள் எல்லை தாண்டி வளையும், ஆகவே பெடலுக்குக் கீழே நிறுத்துக் கட்டை ஒன்று வையுங்கள்.

இதே இடத்தில் வலது சசிக் காலுக்குள்தான் பிறேக் மாஸ்ரர் சிலிண்டரும் இருக்கிறது. அதன் போல்ட்டை வெளியே இழுக்க ரோர்ஷன் பார் தடுக்கும், அதனால் ஆட்கள் இதைத் தள்ளிப் போடுவார்கள். எஞ்சின் வெளியே இருக்கும்போதே பாரைத் தளர்த்தி மாஸ்ரருக்குப் புது வாஷர் போட்டுவிடுங்கள். முன் டிறம் 948க்கு 7 அங்குலம், 1098க்கு 8 அங்குலம். 7 அங்குல டிறம்மோடு 4கே ஓட்டக்கூடாது. 1098இன் 8 அங்குலம் முழுச் செற்றாகத் தேடி, எஞ்சின் ஏறமுன் பூட்டுங்கள்.

மின்சாரம். மைனர் கடைசிவரை பொசிற்றிவ் எர்த் கார், அதாவது பற்றறியின் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். ரொயோட்டா ஓல்ரனேற்றரும் ஸ்ராட்டரும் நெகற்றிவ் எர்த். ஓல்ரனேற்றரைப் பழைய முறையில் இணைத்தால் அதன் டயோட்டுகள் கண் மூடித் திறக்கமுன் எரியும். பற்றறியைத் திருப்பி வைக்கும்போது வயர்க் கவ்விகளையும் மாற்றுங்கள், இரண்டு முளையின் தடிப்பும் வேறு. வைப்பர் மோட்டருக்கு ஒன்றும் ஆகாது. பழைய றேடியோ இருந்தால் கழற்றிவிடுங்கள். எஸ்.யூ. பெற்றோல் பம்புக்குள் டயோட் வைத்தது ஒரு பக்கம்தான் ஓடும், மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

டைனமோவின் கட்டுப்பாட்டுப் பெட்டி இனி வேலை செய்யாது. அதிலுள்ள ஏ, ஏ1 வயர்களை ஒன்றாகச் சேர்த்து மூடிவிடுங்கள், வெளிச்சமும் இக்னிஷனும் அதனூடாகத்தான் போகின்றன. டியில் இருக்கிற மெல்லிய வயர் டாஷ்போட்டின் சிவப்பு விளக்குக்குப் போவது. அதை ஓல்ரனேற்றரின் எல் முனைக்குக் கொடுங்கள். எஃப் வயரைக் காப்பிட்டுச் சுருட்டி வைத்துவிடுங்கள். ஓல்ரனேற்றரின் பெரிய முனையிலிருந்து ஸ்ராட்டர் முனைக்கு 8 சதுர மி.மீ. புது வயர் ஓடவேண்டும். டைனமோவின் பழைய வயர் 40 அம்பியரைத் தாங்காது. அசல் காரில் ஃபியூஸ் இரண்டே இரண்டு. மின் ஃபானுக்கும் முன் விளக்குக்கும் தனித் தனி ஃபியூஸ் போடுங்கள். இழுத்து ஸ்ராட் செய்கிற கேபிள் இருந்த பழைய மைனரென்றால், ரொயோட்டா ஸ்ராட்டரின் சிறிய முனைக்கு ஒரு அமத்துப் பொத்தான்.

பிறகு, எல்லாரும் விடுகிற பிழை: எஞ்சினுக்கும் சசிக்கும் இடையில் பின்னல் எர்த் வயர். எஞ்சின் நாலு பக்கமும் றப்பரில் இருக்கிறது. எர்த் இல்லாவிட்டால் ஸ்ராட்டரின் மின்சாரம் சோக் கேபிளாலும் ஸ்பீடோ கேபிளாலும்தான் திரும்பும். சாவியைத் திருப்பியதும் சோக் கேபிளின் உறை சிவந்து புகைந்தால் காரணம் இதுதான். ஸ்பீடோ கேபிளே ரொயோட்டா முனை ஒன்றும் மைனர் முனை ஒன்றும் சேர்த்துச் செய்யவேண்டியது. வேகம் சரியா என்று தொலைபேசியின் ஜி.பி.எஸ். வைத்து 50இலும் 80இலும் ஒப்பிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கியவை. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் படை எஞ்சின் புளொக்குக்குள்ளும் படியும். பழைய எஞ்சின் முழுக்க இரும்பு, எப்படியோ சமாளித்தது. 4கேயின் ஹெட் அலுமினியம். இரும்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து நின்றால் அலுமினியம்தான் கரையும், ஹெட் கஸ்கெற்றின் ஓரத்தில் பூச்சி அரித்ததுபோல் குழி விழும். மழைத் தண்ணீர் அல்லது போத்தலில் விற்கிற பற்றறித் தண்ணீரோடு மூன்றில் ஒரு பங்கு கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். மைனரின் றேடியேற்றரைத் தனியே கழற்றி, ஒட்டு விட்டு, கம்பி ஓட்டிச் சுத்தம் செய்தபின் பூட்டுங்கள். கோஸ்ரிக் சோடா விட்டுக் கழுவுகிற வழக்கம் இரும்பு எஞ்சினோடு முடிந்தது, அது அலுமினியத்தைத் தின்னும். தேர்மோஸ்ரற் 82 பாகையில் திறப்பது. வெயிலுக்கு அதைக் கழற்றி எறிய வேண்டாம். எஞ்சின் சூடேறாமல் ஓடினால் பெற்றோலும் கூட, தேய்மானமும் கூட.

பெற்றோலுக்கு ஒரு பம்ப் போதும். எஸ்.யூ. மின் பம்பை வைத்திருந்தால் புளொக்கிலுள்ள பம்பைக் கழற்றி, அந்த ஓட்டையைத் தகடும் கஸ்கெற்றும் வைத்து மூடுங்கள். எக்ஸோஸ்ற் குழாய் பிறேக் குழாய்க்கோ கிளச் குழாய்க்கோ நான்கு விரலுக்குக் கிட்ட வரக்கூடாது. வந்தால் நடுவில் தகடு. திரவம் சூடேறினால் பெடல் பஞ்சாகும்.

முதல் ஸ்ராட்டுக்கு முன் 20டபிள்யூ-50 ஒயில் 3.5 லீற்றர். கியர்பொக்ஸுக்கு ஜி.எல்.-4 தர ஒயில், நிரப்பும் ஓட்டையின் விளிம்புவரை. ஜி.எல்.-5 கியர்களை உரசிச் சேர்க்கிற சில பித்தளை சிங்க்றோ வளையங்களுக்கு ஆகாது. பிளக்கைக் கழற்றி, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்ராட்டரால் சுற்றுங்கள், ஒரு தடவைக்கு பத்து விநாடி. டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கிற பொயின்ற்றின் இடைவெளி 0.45 மி.மீ., பிளக் 0.8. ரைமிங் டி.டி.சி.க்கு (பிஸ்டன் உச்சிக்கு வருகிற இடம்) 8 பாகை முன்: கிராங்கின் பெல்ற் சில்லை அந்தக் கோட்டில் நிறுத்தி, கொயிலின் பொயின்ற் பக்க முனைக்கும் எர்த்துக்கும் இடையில் ஒரு 12 வோல்ற் பல்ப் பிடித்து, டிஸ்ரிபியூற்றரைத் திருப்புங்கள். பல்ப் எரியத் தொடங்குகிற இடம்தான் பொயின்ற் திறக்கிற இடம். வெடிக்கும் ஒழுங்கு 1-3-4-2, மைனரினதும் இதுதான். சூடான பிறகு வால்வு இடைவெளி உள் 0.20, வெளி 0.30. வானிலிருந்து வந்த 5கே என்றால் ஹைட்றோலிக் லிஃப்ரர், இடைவெளி வைக்கக்கூடாது.

முதல் 500 கி.மீ.க்குப் பிறகு மவுண்ட் போல்ட், மனிபோல்ட் நட், புறொப் ஷாஃப்ற்றின் நாலு போல்ட், கிளச் சிலேவ் எல்லாம் திரும்ப இறுக்குங்கள். புது றப்பர் அமர்ந்திருக்கும், ஃபான் இடைவெளியையும் அப்போது அளவுங்கள்.

பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் எழுதியிருக்கிறது. மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்திக்கொள்ளுங்கள். வாங்கிய றிசீற்றும் சுங்கப் பிரதியும் அங்கேதான் வேண்டும். இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லுங்கள். இலக்கம் பொருந்தாத கார் விபத்தில் மாட்டினால் பணம் கிடைப்பது சந்தேகம். புகைப் பரிசோதனைக்குப் போகமுன் எயார் ஃபில்ரரைப் புதிதாக்கி, எஞ்சினை வடிவாகச் சூடாக்கிக் கொண்டுபோங்கள்.

பழைய எஞ்சினை இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு தேக்கரண்டி ஒயில் விட்டு, கையால் நாலு சுற்றுச் சுற்றி, பிளக்கைத் திரும்பப் பூட்டுங்கள். கார்பரேற்றர் வாயையும் எக்ஸோஸ்ற் வாயையும் துணி அடைத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் குளவி கூடு வைக்கும். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை போட்டு அதன் மேல் வையுங்கள். அசல் மவுண்டுகள், கிளச் கம்பி, டைனமோ, கட்டுப்பாட்டுப் பெட்டி, புறொப் ஷாஃப்ற், தகட்டு மூடி எல்லாவற்றையும் போல்ட்டோடு தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடத்துக்குரியது என்று துண்டு எழுதிக் கட்டுங்கள். துண்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை மாரி ஈரத்தில் அழிந்துவிடும்.